பீற்றூட் பாத்தியில் முழங்காலில் நின்றவர்கள்



நான் எழுத்தாளன் இல்லை. ஊரில் ஏ.எல். எடுத்ததோடு படிப்பு நின்றுவிட்டது. இங்கே டென்மார்க்கில் தொழிற்சாலையில் மாறி மாறி வரும் சிவ்ற் வேலை. மலருக்குக் கட்டுரை கேட்டபோது, "எனக்குத் தோட்டத்தைத் தவிர ஒன்றும் தெரியாதே" என்றேன். "அப்ப அதையே எழுதுங்கோ" என்றார்கள். ஆகவே இது ஒரு பீற்றூட் பாத்தியின் சரித்திரம்.

டெனிஷ்காரர் 'கொலோனிஹேவ' என்று சொல்லுகிற வாடகைத் தோட்டத் துண்டு ஒன்று எங்களிடம் இருக்கிறது. இந்த நாட்டில் முதலாவது கொலோனிஹேவ சங்கம் 1884இல் ஓல்போர்க் நகரில் தொடங்கப்பட்டது. மாடிவீடுகளில் நெருக்குப்பட்டுக் கிடந்த தொழிலாளர் குடும்பங்கள் மண்ணைக் கண்டு, மரக்கறி நட்டுச் சாப்பிடட்டும் என்ற நோக்கம். ஆக, தொழிற்சாலைக்காரனான நானும் அங்கே போய்ச் சேர்ந்ததில் புதினம் ஒன்றும் இல்லை.

ஊரில் எங்கட ஐயா மாரி மழை ஓயச் செம்மண்ணில் பீற்றூட் போடுவார். விதை வெளிநாட்டு ரின்னில் வரும். அந்த நினைப்பில், நல்ல நாள்தானே என்று சித்திரைப் புத்தாண்டு அன்றைக்கே நானும் விதையைப் போட்டேன். பிழைத்துப் போச்சு! மூன்று கிழமை கழித்து முளைத்த நாற்றுகள் குளிரில் விறைத்துக்கொண்டு நின்றன. ஆடியில் பார்த்தால் இடுப்பளவுக்குத் தண்டு விட்டுப் பூக்க வெளிக்கிட்டுவிட்டன. கிழங்கை வெட்டினால் விறகு.

பக்கத்துத் தோட்டத்து டெனிஷ் ஆச்சிதான் காரணத்தைச் சொன்னா. பீற்றூட் இரண்டு வருடத்துப் பயிர். முதல் வருடம் கிழங்கு வைக்கும். ஒரு குளிர்காலத்தைக் கடந்த பிறகு இரண்டாம் வருடம் பூத்து விதை தரும். இளம் பயிர் 10 பாகைக்குக் கீழே சில கிழமைகள் கிடந்தால், குளிர்காலம் வந்து போய்விட்டது என்று ஏமாந்துவிடும். ஐயாவின்ர பாத்தியில் பீற்றூட் பூத்ததை நான் ஏன் ஒருநாளும் காணவில்லை, விதை ஏன் ரின்னில் வந்தது என்று அப்பதான் எனக்கு விளங்கியது. அது பூக்கக் குளிர் வேணும். எங்கட ஊரில் அந்தக் குளிர் இல்லை.

அடுத்த வருடம் மே மாத நடுவில் போட்டேன். வரிசைக்கு வரிசை 30 சென்ரிமீற்றர், ஆழம் 2 அல்லது 3 சென்ரிமீற்றர். நன்றாக முளைத்தது. ஆனால் ஒரு விதை போட்ட இடத்தில் மூன்று நாலு நாற்று! பீற்றூட் விதை என்று நாங்கள் கையில் எடுப்பது உண்மையில் ஒரு விதை இல்லை, பல விதைகள் ஒட்டிய கொத்து. ஒன்றை விட்டு மற்றதைப் பிடுங்கி ஐதாக்காவிட்டால் கிழங்கு நன்றாகப் பருக்காது. இதற்கு மண்வெட்டி உதவாது. முழங்காலில் நின்று விரலால்தான் செய்யவேண்டும்.

நான் அப்படி நின்றதை வேலிக்கு அங்கால நின்று பார்த்த ஆச்சி சொன்னா: "என்ர அப்பம்மாவும் இப்படித்தான் முழங்காலில் நின்றவ. அவ பதினேழு வயதில் போலந்திலிருந்து பீற்றூட் தோட்டத்துக்கு வந்தவ." நான் திகைத்துப் போனேன். இவ்வளவு காலமும் அவவை அசல் டெனிஷ்காரி என்றல்லவோ நினைத்திருந்தேன்!

பிறகு நூலகத்தில் தேடி வாசித்ததையும், ஆச்சி சொன்னதையும் சேர்த்துத்தான் மிச்சத்தை எழுதுகிறேன்.

சீனி வந்த கதை

பீற்றூட்டின் மூதாதை ஐரோப்பியக் கடற்கரைகளில் தானாக முளைக்கும் ஒரு காட்டுச் செடி. நாங்கள் கறி வைக்கும் சிவப்புக் கிழங்கும், சீனி எடுக்கும் வெள்ளைக் கிழங்கும் ஒரே இனம்தான். 1747இல் பேர்ளினில் மார்க்கிராவ் என்ற இரசாயன அறிஞர் இந்தக் கிழங்கில் இருப்பதும் கரும்புச் சீனிதான் என்று கண்டுபிடித்தார். அவருடைய மாணவர் ஆகார்ட் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சைலீசியாவில் முதலாவது பீற்சீனி ஆலையைக் கட்டினார். 1806இல் நெப்போலியன் ஆங்கிலேயருடனான வர்த்தகத்தைத் தடைசெய்ய, கரும்புச் சீனிக்குத் தட்டுப்பாடு வந்தது. பீற்சீனிக்கு அது நல்ல காலமாய்ப் போனது.

டென்மார்க்குக்கு அப்போது கரிபியனிலிருந்து சீனி வந்தது. எங்கட தரங்கம்பாடியை 1620 முதல் 1845 வரை வைத்திருந்த அதே டென்மார்க்தான், அங்கே சென் குறோய் தீவில் ஆபிரிக்க அடிமைகளைக் கொண்டு கரும்பு வெட்டுவித்தது. அடிமைமுறை 1848இல் ஒழிந்தது. 1872இல் ரீட்கன் என்ற பெருமுதலாளி டெனிஷ் சீனிக் கம்பனியைத் தொடங்கினார். தெற்கே லொலன்ட், ஃபால்ஸ்ரர் தீவுகளில் நாக்ஸ்கோவில் 1882இலும், நூக்கேபிங்கில் 1884இலும் ஆலைகள் எழும்பின.

ஆலை வந்தது. ஆனால் ஆயிரக்கணக்கான ஏக்கரில் முழங்காலில் நின்று நாற்று ஐதாக்க ஆள் வேணுமே? உள்ளூர்க்காரர் அந்தச் சம்பளத்துக்கு வரவில்லை. 1893 முதல் போலந்துப் பெண்களைக் கூட்டிவந்தார்கள். கூடுதலானோர் அன்றைக்கு ஒஸ்திரியாவின் ஆட்சியில் இருந்த கலீசியாவின் ஏழைக் குடியானவரின் பிள்ளைகள். அந்தக் காலத்தில் உலகப் படத்தில் போலந்து என்றொரு நாடே இல்லை. 1795இல் மூன்று வல்லரசுகள் பங்குபோட்டு விழுங்கிய நாடு, 1918இல்தான் திரும்ப எழும்பியது.

வசந்தத்தில் வருவார்கள், கிழங்கு கிண்டி முடிய மாரியில் திரும்புவார்கள். பண்ணை ஓரத்துக் கொட்டில்களில் பல பேர் ஒன்றாகத் தங்குவார்கள். இடையில் ஓடிப்போகாதபடி சம்பளத்தில் ஒரு பகுதியைப் பருவம் முடியும்வரை பிடித்து வைப்பார்கள். முறைப்பாடுகள் கூடிய பிறகு 1908இல் ஒரு சட்டம் வந்தது. ஒப்பந்தம் எழுத்தில் இருக்கவேணும், தங்குமிடம் ஒழுங்காக இருக்கவேணும் என்றது. 1914 அளவில் வருடத்துக்குப் பத்தாயிரம் பேருக்கு மேல் வந்தார்கள். 1929இல் இந்த வருகை நின்றது. போரினால் திரும்ப முடியாமலும், இங்கே கலியாணம் செய்தும் சில ஆயிரம் பேர் தங்கிவிட்டார்கள். நாங்கள் ஹேர்னிங்கில் பிள்ளையார் கோயில் வைத்ததுபோல, அவர்களுக்கென்று லொலன்டில் கத்தோலிக்கத் தேவாலயங்கள் எழுந்தன.

முழங்கால் வேலைக்கு முடிவு கட்டியதும் அகதிகள்தான். போரில் இடம்பெயர்ந்து அமெரிக்கா போய்ச் சேர்ந்த உக்ரைன் விஞ்ஞானிகள் சவீற்ஸ்கி தம்பதியினர். 1948இல் கொத்தாக இல்லாமல் ஒற்றை விதை தரும் சீனிப் பீற் செடிகளைத் தேடிக் கண்டெடுத்தார்கள். அதிலிருந்து வந்த விதையாலும் களைநாசினியாலும் ஐதாக்கும் வேலை மெல்ல மெல்ல இல்லாமல் போனது.

எங்கட கணக்கு

போன கோடையில் பிள்ளைகளோடு லொலன்டில் ரோகரூப் கிராமத்துக்குப் போனோம். அந்தப் பெண்கள் தங்கிய கட்டிடம் ஒன்றை அங்கே அருங்காட்சியகமாக வைத்திருக்கிறார்கள். எனக்கு ஏனோ எங்கட மூத்த ஆட்களின் நினைவுதான் வந்தது. 1980களில் வந்து முகாம்களில் காத்திருந்தவர்கள், மீன் ஆலையில் கைவிறைக்க நின்றவர்கள். 1987 தொடக்கம் எங்கட குடும்பங்களை இங்கே கூப்பிடும் மனுக்களை நீதி அமைச்சர் சட்டவிரோதமாக முடக்கி வைத்தார். அந்தத் 'தமிழர் வழக்கு' காரணமாக 1993 ஜனவரியில் அரசாங்கமே பதவி விலகியது. 1995இல் அந்த அமைச்சருக்கு நாலு மாத ஒத்திவைத்த சிறைத்தண்டனை கிடைத்தது. இது டெனிஷ் புத்தகங்களில் இருக்கிறது. ஆனால் பிள்ளையின் முகத்தைக் காணாமல் காத்திருந்த தாய்மாரின் கதை எங்கே இருக்கிறது?

ஆச்சிக்குப் போலிஷ் மொழி ஒரு சொல்லும் தெரியாது. "அப்பம்மா இருக்கேக்க நான் ஒன்றும் கேட்கேல்லை. கேட்க நினைச்ச நேரம் அவ இல்லை" என்றா. அவவின்ர கையில் இருப்பது ஒரு பழைய படம் மட்டும்தான்.

அதனால் சங்கத்திடம் ஒரு வேண்டுகோள். இந்த வருடமே எங்கட மூத்தவர்களிடம் போய், எப்ப வந்தீர்கள், எங்கே வேலை செய்தீர்கள், யாருக்காகக் காத்திருந்தீர்கள் என்று கேட்டு எழுதி வைப்போம். பிள்ளைகளே போய்க் கேட்கட்டும். எழுதுகிற வேலைக்கு என்ர பெயரை முதலில் போடுங்கோ.

போன மாரியில் நாலு கிழங்கை இலையைத் திருகி எடுத்துவிட்டு, உறைபனி படாமல் மணற்பெட்டியில் வைத்திருந்தேன். இந்த வசந்தம் அவற்றைத் திரும்ப நடப்போகிறேன். ஆடியில் பூக்கும், புரட்டாதியில் விதை எடுக்கலாம். விதை வேண்டியவர்கள் சங்கத்தில் சொல்லி வையுங்கோ. ஆனால் ஒன்று, சித்திரைப் புத்தாண்டில் மட்டும் போடாதேயுங்கோ!