கட்டுகஸ்தோட்டையிலிருந்து கொழும்புக்கு

அமெரிக்க தேசத்தில், பள்ளிக்கூட மைதானத்தில் பெயரெடுத்த கால்பந்து வீரனைச் சர்வகலாசாலைகள் உபகாரச் சம்பளம் தந்து போட்டியிட்டு அழைத்துக்கொள்ளும் வழக்கம் உண்டு. இலங்கையிலோ அந்த ஸ்தானத்தைப் பெரும்பாலும் விளையாட்டுக் கழகங்களே வகித்து வந்திருக்கின்றன.

ஆனால் வீரர்களை முதலில் உருவாக்குபவை பள்ளிகளே; கண்டி நாட்டின் வித்தியாசாலைகளுக்கு விளையாட்டில் நீண்ட சரித்திரம் இருக்கிறது. கிங்ஸ்வூட் கல்லூரியை ஸ்தாபித்த லூயிஸ் எட்மண்ட் பிளேஸ் 1891இல் தம் மாணாக்கருக்கு றக்பியைப் பழக்கினார். 1906இல் கிங்ஸ்வூட்டும் திரித்துவக் கல்லூரியும் மோதிய ஆட்டம் வெற்றி தோல்வியின்றி முடிந்தது.

ஆயினும் தமிழர் நெஞ்சில் முதலில் நிற்பது கிரிக்கெட்டே. மிட்டாய் உற்பத்தி செய்த ஒரு குடும்பத்தில் 1972இல் பிறந்து, கட்டுகஸ்தோட்டையில் பெனடிக்ட் சபைத் துறவிகள் நடத்திய புனித அந்தோனியார் கல்லூரியின் விடுதியில் ஒன்பதாம் வயதிலேயே சேர்க்கப்பட்ட முத்தையா முரளிதரன், ஆரம்பத்தில் மிதவேகப் பந்துவீச்சாளராக இருந்து, பதினான்காம் பிராயத்தில் பயிற்சியாளர் சுனில் பெர்னாண்டோ சொன்ன யோசனையால் சுழற்பந்துக்கு மாறினார். குருவின் அந்த ஒரு சொல்லுக்கு எத்தனை உபகாரச் சம்பளம் ஈடாகும்! பள்ளியின் முதல் அணியில் நான்காண்டுகள் ஆடி, 1990–91 பருவத்தில் நூறு விக்கெட்டுகளுக்கு மேல் வீழ்த்தி, அவ்வாண்டின் சிறந்த பள்ளி வீரராகத் தெரிவான அவ்விளைஞர், பின்னர் கொழும்பிலுள்ள தமிழ் யூனியன் கழகத்தைச் சேர்ந்து, 1992 ஆகஸ்டில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராகத் தேசிய அணியில் பிரவேசித்தார்.