மேலதிகாரி மீது நம்பிக்கை எப்படி வருகிறது? தரவுகள் சொல்வது என்ன?

"ஆளு நல்லவர்தான், ஆனா நம்ப முடியாது." உங்கள் மேனேஜரைப் பற்றி நீங்களும் இப்படிச் சொல்லியிருக்கலாம். இதில் முரண்பாடு ஏதுமில்லை.

மேயர், டேவிஸ், ஸ்கூர்மன் ஆகிய ஆய்வாளர்கள் 1995-இல் நம்பிக்கையை மூன்றாகப் பிரித்தார்கள். அவருக்கு வேலை தெரியுமா? நம்மீது அக்கறை இருக்கிறதா? சொன்னபடி நடக்கிறாரா? முதல் இரண்டும் இருந்து மூன்றாவது இல்லையென்றால், அவர் நல்லவர், ஆனால் நம்ப முடியாதவர்.

தலைமை மீதான நம்பிக்கை குறித்த பழைய ஆய்வுகளை டர்க்ஸ், ஃபெரின் இருவரும் 2002-இல் தொகுத்தார்கள். மொத்தம் 27,000 பேருக்கும் மேற்பட்டவர்களின் தரவு. என்ன கிடைத்தது என்பதைவிட, அது எப்படி முடிவு செய்யப்பட்டது என்பதோடுதான் நம்பிக்கைக்கு நெருக்கமான தொடர்பு இருந்தது. எத்தனை ஆண்டுகள் சேர்ந்து வேலை பார்த்தார்கள் என்பதற்கோ தொடர்பே இல்லை என்று சொல்லிவிடலாம். (ஆனால் இவை தொடர்பைக் காட்டும் எண்கள்தான், எது காரணம், எது விளைவு என்பதை இவை சொல்லாது.)

முடிவெடுக்கும் முறை மறைவாக இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு இந்தியாவிலேயே ஒரு வழக்கு இருக்கிறது.

மத்திய அரசு ஊழியர்களைப் பற்றி மேலதிகாரி ஆண்டுதோறும் ரகசிய அறிக்கை எழுதுவார். பாதகமான குறிப்பு இருந்தால் மட்டுமே ஊழியருக்குச் சொல்வார்கள். எல்லைச் சாலைகள் பொறியியல் பணியில் இருந்த தேவ் தத்துக்கு 1993-94-இல் கிடைத்தது 'நன்று'. அது பாதகமானது இல்லையே, அதனால் சொல்லவில்லை. ஆனால் பதவி உயர்வுக்குத் தேவைப்பட்டது 'மிக நன்று'. அந்த ஒரு வார்த்தையால் வாய்ப்பு போனது.

2008-இல் உச்ச நீதிமன்றம், எந்த மதிப்பீடாக இருந்தாலும் ஊழியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்றது. 2013-இல் மூன்று நீதிபதிகள் அமர்வும் அதை உறுதி செய்தது. இதற்கிடையே 2009-இல் மத்திய பணியாளர் துறை, முழு அறிக்கையையும் ஊழியரிடம் காட்ட உத்தரவிட்டது. ஆட்சேபம் இருந்தால் 15 நாட்களுக்குள் எழுதிக் கொடுக்கலாம். அறிக்கையின் பெயரிலிருந்தும் 'ரகசியம்' போய்விட்டது.

மேலதிகாரிகளை இது ஒரே நாளில் மாற்றிவிடாது. ஆனால் அவர் நேரில் பாராட்டியதும் தாளில் எழுதியதும் ஒன்றுதானா என்று இப்போது சரிபார்க்க முடியும். மேலே சொன்ன மூன்றாவது கேள்வி இதுதான்.

இந்த உத்தரவு தனியார் நிறுவனங்களுக்குப் பொருந்தாது. அங்கே "பெல் கர்வ்ல அடிபட்டுடுச்சு" என்று அப்ரைசலில் சொன்னால், எந்த அளவுகோலில், யார் முடிவு செய்தது என்று நீங்கள்தான் கேட்க வேண்டியிருக்கும்.