திறந்த அணுகலும் பொதுப் பணமும்: வெலிங்டன் தீவை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

கொச்சித் துறைமுகத்தை ஆழப்படுத்தத் தூர்வாரிய மண்ணைக் கொண்டு, பொறியாளர் இராபர்ட் பிரிஸ்டோவின் மேற்பார்வையில் உருவாக்கப்பட்டது வெலிங்டன் தீவு. இத்தீவின் மத்சியபுரியில் மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் இயங்கி வருகிறது. 1957இல் தோன்றிய இந்நிறுவனம் 1967 முதல் இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் கீழ் உள்ளது. மீன்பிடிக் கலம், வலை, மீன் பதப்படுத்தல் முதலியன இதன் ஆய்வுப் பரப்பு. இழுவலையில் சிக்கும் கடலாமை தப்பிச் செல்வதற்கான கருவியை வடிவமைத்தது இதன் பணிகளுள் ஒன்று. இத்தகைய ஆய்வின் பயனாளர் பல்கலைக்கழகத்திற்கு வெளியே கடலில் தொழில் செய்பவர். ஆய்வுக்கான செலவோ மக்களின் வரிப்பணம். அவ்வாறாயின், ஆய்வு முடிவுகளை எவரும் கட்டணமின்றிப் படிக்க இயலுமா? இவ்வினாவிற்கு இந்தியக் கொள்கைகள் அளித்த விடைகளை இக்கட்டுரை கால வரிசையில் ஆராய்கிறது.

இரு வழிகள்

2002இல் வெளியான புடாபெஸ்ட் அறிக்கை திறந்த அணுகலுக்கு இரு வழிகளைச் சுட்டியது. ஆய்வாளர் தம் கட்டுரையின் படியைப் பொதுக் களஞ்சியத்தில் ஒப்படைத்தல் ஒன்று. இதழே கட்டணமின்றித் திறந்திருத்தல் மற்றொன்று. இந்தியா பெரிதும் பற்றிக்கொண்டது முதல் வழியையே எனலாம். பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனம் 2002இல் களஞ்சியம் தொடங்கியது. 2004இல் சென்னை எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தில் இதற்கான பயிலரங்குகள் நடைபெற்றன. 2006இல் ரூர்கேலா தேசியத் தொழில்நுட்பக் கழகம் ஒப்படைப்பைக் கட்டாயமாக்கியது. 1947இல் தோன்றி, மண்டபத்திலிருந்து 1971இல் கொச்சிக்கு இடம்பெயர்ந்த மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் 2010இல் தன் களஞ்சியத்தைத் திறந்தது.

கொள்கையின் வரவு

2013 செப்டம்பரில் இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகம் திறந்த அணுகல் கொள்கையை ஏற்றது. ஒவ்வொரு நிறுவனமும் களஞ்சியம் அமைக்க வேண்டும். மதிப்பீட்டிற்குப்பின் இறுதி செய்யப்பட்ட படியை ஆசிரியர் அதில் சேர்க்க வேண்டும். பதிப்பகம் விதிக்கும் தடைக்காலம் 12 மாதங்களைத் தாண்டலாகாது என்பன அதன் கூறுகள். காப்புரிமைக்குரிய ஆவணங்களுக்கு விலக்கு உண்டு. வெலிங்டன் தீவு நிறுவனமும் எண்ணிமக் களஞ்சியம் ஒன்றைக் கொண்டுள்ளது. 2014 டிசம்பரில் உயிரித் தொழில்நுட்பத் துறையும் அறிவியல் தொழில்நுட்பத் துறையும் இணைந்து வெளியிட்ட கொள்கை, இதழ்கள் கோரும் கட்டுரை வெளியீட்டுக் கட்டணத்திற்கு நிதி வழங்குவதில்லை என்றது. எழுதியவரிடம் பணம் பெறும் முறையை அரசு அன்று ஊக்குவிக்கவில்லை என்பது இதனாற் புலனாகிறது.

நிதியின் திசைமாற்றம்

2024 நவம்பர் 25 அன்று நடுவணரசு ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டத்திற்கு ஒப்புதல் அளித்தது. 2025 முதல் 2027 வரை மூன்றாண்டுகளுக்கு ஒதுக்கீடு 6,000 கோடி ரூபாய். 30 பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 இதழ்கள், 6,300க்கும் மேற்பட்ட அரசு உயர்கல்வி நிறுவனங்களுக்கும் நடுவணரசின் ஆய்வு நிறுவனங்களுக்கும் கிடைக்கின்றன. வெளியீட்டுக் கட்டணத்திற்கென ஆண்டுக்கு 150 கோடி வரை ஆதரவும் அறிவிக்கப்பட்டது. சிறு கல்லூரிக்கும் பேரிதழ்கள் எட்டியது பெரும்பேறே. ஆயினும் சந்தா வாசிக்கும் உரிமையை உறுப்பினருக்கு மட்டுமே வாங்கித் தருகிறது. களஞ்சியமோ எவர்க்கும் திறந்திருக்கிறது. நிறுவனச் சார்பற்ற ஆய்வாளரும் இராமேசுவரத்து விசைப்படகு உரிமையாளரும் முன்னதில் இடம்பெறார், பின்னதில் இடம்பெறுவர். இவ்வேறுபாடு நோக்கத்தக்கது.

தமிழாய்வுலகம்

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2009ஆம் ஆண்டு விதிகள் முனைவர்பட்ட ஆய்வேட்டின் மின்படியை ஒப்படைக்கப் பணித்தன. அதனால் தமிழ் ஆய்வேடுகள் பலவும் சோத்கங்கா களஞ்சியத்தில் எவர்க்கும் கிடைக்கின்றன. கருத்தரங்கத் தொகுப்புகளுக்கும் துறை இதழ்களுக்கும் இத்தகைய ஆணை இல்லை. அவற்றுட் பலவற்றை மறைத்து வைப்பது விலையன்று. சில நூறு படிகள் அச்சாகி நூலக அடுக்கில் தங்கிவிடுவதே. பன்னாட்டுப் பதிப்பகச் சந்தா இக்குறையை நீக்காது.

முடிவுரை

பிறர் ஆய்வை வாசிக்கப் பணம் செலுத்துதலும் தம் ஆய்வைப் பிறர்க்குத் திறத்தலும் வெவ்வேறானவை. முன்னதற்குக் கோடிகள் வேண்டும். பின்னதற்கு ஓர் ஆணையும், களஞ்சியத்தைப் பேணும் சிறு நிதியும், ஒப்படைக்கும் ஒழுங்கும் வேண்டும். ஆழப்படுத்த அள்ளிய மண் வெலிங்டன் தீவில் பொதுநிலமாயிற்று. பொதுப் பணத்தில் விளைந்த ஆய்வும் அவ்வாறே பொதுவில் நிற்றல் தகும். தமிழ்த்துறைகள் அதனைத் தம் இதழ்களிலிருந்தே தொடங்கலாம்.