புல்லட்டின் சங்கிலியும் பற்சக்கரங்களும்

ராயல் என்ஃபீல்டு புல்லட் மோட்டார் சைக்கிளில் கியர்பாக்ஸிலிருந்து பின்சக்கரத்துக்கு விசையைக் கொண்டுசெல்பவை ஒரு சங்கிலியும் இரண்டு பற்சக்கரங்களும் ஆகும். பட்டறைகளில் இம்மூன்றையும் சேர்த்து ‘செயின் செட்’ என்பர். வார்ப்பிரும்பு சிலிண்டர் கொண்ட பழைய புல்லட்டுகள் இன்றும் ஓடுவதற்கு இவற்றின் அளவுகள் பல்லாண்டுகள் மாறாமல் இருந்ததும் ஒரு காரணம்.

தோற்றம்

சுவிட்சர்லாந்தில் பிறந்து இங்கிலாந்தின் மான்செஸ்டரில் தொழில் நடத்தியவர் ஹான்ஸ் ரெனால்ட். இவர் 1880-ல் உருளைச் சங்கிலிக்குக் காப்புரிமை பெற்றார். தொடக்ககால மோட்டார் சைக்கிள்கள் பலவற்றில் சங்கிலி இல்லை. பெல்ட்டே சக்கரத்தைச் சுழற்றியது. மழையில் நனைந்தால் பெல்ட் வழுக்கும். ஏற்றத்தில் இழுவை குறையும்.

1911-ல் மான் தீவின் டிடி பந்தயம் முதன்முறையாக மலைப்பாதையில் நடந்தது. அதன் சீனியர் பிரிவில் அமெரிக்காவின் ‘இந்தியன்’ வண்டிகள் முதல் மூன்று இடங்களையும் பிடித்தன. அவை சங்கிலியும் இரண்டு கியர்களும் கொண்டவை. பின்வந்த ஆண்டுகளில் பெல்ட் படிப்படியாக வழக்கொழிந்தது.

திருவொற்றியூரில் புல்லட்

இங்கிலாந்தின் ரெடிட்ச் நகரில் இயங்கிய ராயல் என்ஃபீல்டு நிறுவனமும் மெட்ராஸ் மோட்டார்ஸும் இணைந்து 1955-ல் என்ஃபீல்டு இந்தியா நிறுவனத்தைத் தொடங்கின. சென்னையை அடுத்த திருவொற்றியூரில் புல்லட் உற்பத்தியானது. 1960-களில் இங்கிலாந்தில் புல்லட் உற்பத்தி நின்றுபோனது, திருவொற்றியூரில் தொடர்ந்தது. சங்கிலிகளும் தமிழ்நாட்டிலேயே கிடைத்தன. சென்னையின் டிஐ நிறுவனமும் கோயம்புத்தூரின் எல்ஜிபி நிறுவனமும் சங்கிலித் தயாரிப்பில் பெயர்பெற்றவை.

அமைப்பு

புல்லட்டின் பின்சங்கிலியில் ஒரு கண்ணியின் நீளம் 5/8 அங்குலம், அதாவது 15.875 மி.மீ. 350 சிசி வண்டியின் முன்பற்சக்கரத்தில் 16 பற்களும் பின்பற்சக்கரத்தில் 38 பற்களும் உண்டு. முன்னதில் ஒரு பல் கூட்டி 17 ஆக்கினால், அதே இயந்திரச் சுழற்சிக்கு வண்டியின் வேகம் சுமார் 6 விழுக்காடு கூடும். ஏற்றத்தில் இழுவை குறையும்.

பழைய புல்லட்டில் முன்பற்சக்கரம் கிளட்சுக்குப் பின்னால் உள்ளது. பின்பற்சக்கரமோ தனி உறுப்பு அன்று; பிரேக் டிரம்மோடு ஒன்றாக வார்க்கப்பட்டது.

தேய்மானம்

சங்கிலி ‘நீண்டுவிட்டது’ என்று சொல்லப்படும்போது அதன் தகடுகள் நீள்வதில்லை. கண்ணிகளை இணைக்கும் ஊசிகளும் அவற்றைச் சூழ்ந்த புஷ்களும் தேய்வதால் ஒவ்வொரு கண்ணிக்கும் இடையே தளர்வு ஏற்படுகிறது. புதிய சங்கிலியில் 16 கண்ணிகள் 254 மி.மீ. இருக்கும். அது 259 மி.மீ. ஆனால் தேய்மானம் 2 விழுக்காடு. மாற்றும் காலம் வந்துவிட்டது என்று பொருள்.

தேய்ந்த சங்கிலி பற்களின் மேற்பகுதியில் ஏறி ஓடும். பற்கள் கொக்கிபோல் வளையும். அந்தப் பற்களில் புதிய சங்கிலியை மட்டும் போட்டால் அதுவும் விரைவில் கெடும். மூன்றையும் சேர்த்து மாற்றும் வழக்கம் இதனால் வந்தது.

மாற்றும் முறை

பின்சக்கரத்தைக் கழற்றினாலும் டிரம்மும் சங்கிலியும் வண்டியிலேயே நிற்கும்படி புல்லட் வடிவமைக்கப்பட்டது. பஞ்சர் ஒட்ட இது வசதி. பற்சக்கரத்தை மாற்ற அந்த வசதி உதவாது. பின்பற்களுக்காக முழு டிரம்மையும், முன்பற்சக்கரத்துக்காக இடப்பக்க மூடியையும் கிளட்சையும் கழற்ற வேண்டும். வேலை அதிகம் என்பதால் சங்கிலியை மட்டும் மாற்றி அனுப்புவதும் உண்டு. சிக்கனமாகத் தோன்றும் அந்த முடிவு சில மாதங்களில் இரட்டைச் செலவாகும்.

புதிய சங்கிலியின் ‘செயின் லாக்’ மாட்டும்போது அதன் மூடிய முனை சங்கிலி ஓடும் திசையை நோக்க வேண்டும். மாறிப் போட்டால் லாக் கழன்று சங்கிலி அறுந்து பின்சக்கரம் இறுகக்கூடும்.

பாதுகாப்பு

சங்கிலி பொது அளவில் செய்யப்படுவதால் எந்த நாட்டிலும் கிடைக்கும். பற்சக்கரம் அந்தந்த வண்டிக்கே உரியது. ஆகவே பழைய வண்டிகளைச் சீரமைப்போர் தேய்ந்த டிரம்மை எறிவதில்லை. பற்களைக் கடைந்து நீக்கி, புதிய பல்வளையம் பொருத்துவதுண்டு. அப்போது அசல் டிரம் வண்டியிலேயே தங்குகிறது.