கோட்டின் திசை: முகப்படம் செதுக்கோவியமான வரலாறு

அச்சுப்பொறியின் கறுப்பு மை தாளில் ஒட்டும் அல்லது ஒட்டாது. இரண்டுக்கும் இடைப்பட்ட சாம்பல் நிறத்தை அதனால் தர இயலாது. மனித முகத்திலோ நெற்றியின் வெளிச்சம் முதல் தாடையின் கீழுள்ள இருள் வரை எண்ணற்ற படிநிலைகள் உள்ளன. இந்தக் குறையைக் கோடுகளின் பருமனாலும் நெருக்கத்தாலும் ஈடுசெய்த கலையே செதுக்கோவியம். செப்புத் தகட்டில் உளியால் பள்ளமாக வெட்டிய கோடுகளில் மையை நிரப்பி ஈரத்தாளை அழுத்தி எடுப்பது அதன் ஒரு முறை. மரக்கட்டையில் வேண்டாத இடங்களை வெட்டி நீக்கி, மேடாக எஞ்சும் கோடுகளில் மை தடவுவது மற்றொரு முறை. பிரெஞ்சுச் செதுக்குநர் கிளோத் மெல்லான் 1649-இல் இயேசுவின் முகத்தை, மூக்கு நுனியில் தொடங்கிச் சுருளாக விரியும் ஒரே கோட்டினால் வெட்டினார். அந்த ஒரு கோட்டின் பருமனைக் கூட்டியும் குறைத்தும் கண், தாடி, முள்முடி யாவற்றையும் அவர் காட்டியிருப்பது, இக்கலை எட்டிய உச்சங்களுள் ஒன்று.

1839-இல் புகைப்படக்கலை உலகுக்கு அறிவிக்கப்பட்டபோது, அப்படத்தை எழுத்துகளோடு சேர்த்து நாளிதழில் அச்சிடும் வழி எதுவும் இருக்கவில்லை. அவ்வழியை மரச்செதுக்கே அளித்தது. இங்கிலாந்தின் நியூகாசிலில் தாமஸ் பியூவிக், கடினமான பாக்ஸ் மரத்தின் குறுக்குவெட்டு முகத்தில் நுண்கோடுகளை வெட்டும் முறையை 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் செம்மைப்படுத்தியிருந்தார். இத்தகைய கட்டைகளை அச்செழுத்துகளுடன் ஒரே சட்டத்தில் பூட்டி ஒன்றாக அச்சிடலாம் என்பதால், 1842-இல் தொடங்கிய இல்லஸ்ட்ரேட்டட் லண்டன் நியூஸ் போன்ற வார இதழ்கள் இவற்றையே நம்பி வளர்ந்தன. பாக்ஸ் மரத்தின் தண்டு சிறியது. ஆகவே பெரிய படங்களுக்குப் பல துண்டுகளைத் திருகாணியால் இணைத்து, படம் வரைந்தபின் பிரித்து, ஆளுக்கொரு துண்டாக வெட்டக் கொடுத்து, மீண்டும் பூட்டி, இணைப்புத் தெரியாதபடி தலைமைச் செதுக்குநர் கோடுகளைச் சரிசெய்வது வழக்கமாயிற்று. 1860 நவம்பரில் ஆபிரகாம் லிங்கன் அமெரிக்க அதிபராகத் தேர்ந்தெடுக்கப்பட்டதும், ஹார்ப்பர்ஸ் வீக்லி இதழின் அட்டையில் அவர் முகம் இவ்வாறே வெளிவந்தது. மாத்யூ பிராடியின் புகைப்பட நிலையத்தில் எடுத்த படத்தைப் பார்த்து அதை வரைந்தவர், பின்னாளில் பெரும் ஓவியராகப் புகழ்பெற்ற வின்ஸ்லோ ஹோமர்.

1860-களில் மரக்கட்டையின் மேற்பரப்பிலேயே வேதிப்பூச்சிட்டுப் புகைப்படத்தைப் பதிக்கும் வழி பரவியது. ஓவியர் நடுவிலிருந்து விலக, செதுக்குநர் புகைப்படத்தின் மீதே நேரடியாக உளியை வைத்தார். புகைப்படத்தில் கோடு என்பதே இல்லை. சாயல் மட்டுமே உண்டு. டிமதி கோல் முதலிய அமெரிக்கச் செதுக்குநர்கள் அச்சாயலை நூலிழை போன்ற கோடுகளாலும் புள்ளிகளாலும் வியக்கத்தக்க நுட்பத்துடன் பின்பற்றினர். மூத்த செதுக்குநரான வில்லியம் ஜேம்ஸ் லிண்டன் 1879-இல் இதைக் கடுமையாக எதிர்த்தார். கோடு பொருளின் வடிவை உணர்த்த வேண்டும் என்றும், முகத்துக்கும் துணிக்கும் வானத்துக்கும் ஒரே வகைக் கோட்டை இடுவது செதுக்குநரைப் படியெடுக்கும் கருவியாகத் தாழ்த்திவிடும் என்றும் அவர் வாதிட்டார். கோலின் கைத்திறன் மறுக்கவொண்ணாதது. எனினும், பின்னர் நடந்தவற்றை நோக்கினால் லிண்டனின் அச்சம் வெறும் முதுமையின் முணுமுணுப்பு அன்று என்பது விளங்கும்.

புகைப்படத்தை வலைத்திரை வழியாகச் சிறிதும் பெரிதுமான புள்ளிகளாக உடைக்கும் ஹாஃப்டோன் முறை 1880-களில் வடிவம் பெற்றதும் இதழ்களில் மரச்செதுக்குநரின் வேலை மங்கத் தொடங்கியது. கோட்டுப்படம், புள்ளிப்படம் என்ற இவ்விரு மரபுகளையும் தமிழ்நாட்டு அச்சகங்கள் நெடுங்காலம் லைன் பிளாக், ஹாஃப்டோன் பிளாக் என்றே பிரித்து வழங்கின. செப்பு, எஃகுத் தகட்டுச் செதுக்கு மட்டும் பணத்தாள்களில் நிலைத்தது. தகட்டுப் பள்ளத்திலிருந்து எழும் மை தாளில் மேடாக நின்று விரலுக்குத் தட்டுப்படுவதும், நுண்கோடுகளைப் போலியாக எடுப்பது கடினமாக இருப்பதும் அதற்குக் காரணங்கள். ஐந்து டாலர் தாளில் நெடுங்காலம் இருந்த லிங்கன் முகம், 1864-இல் எடுத்த ஒரு புகைப்படத்தைக் கொண்டு சார்லஸ் பர்ட் வெட்டியது.

நாளிதழில் செதுக்கோவியத் தோற்றத்துக்கு மறுவாழ்வு தந்தவர் கெவின் ஸ்ப்ரௌல்ஸ். 1979 முதல் வால் ஸ்ட்ரீட் ஜர்னலில் அவருடைய முகப்படங்கள் இடம்பெற்றன. புகைப்படத்தின்மேல் தாளை வைத்து, முகத்தின் வளைவுகளைத் தொடர்ந்து செல்லும் புள்ளிகளையும் சிறு கோடுகளையும் பேனாவால் இடும் அம்முறையில் ஒரு படத்துக்குப் பல மணி நேரம் வேண்டியிருந்தது.

1990-இல் ஃபோட்டோஷாப் வந்தபின் அவ்வேலையைச் சில நிமிடங்களில் முடிக்கும் வழிகள் தோன்றின. படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கி, ஓரம் மங்கிய இணைகோடுகள் கொண்ட ஓர் அடுக்கை அதனோடு கலந்து, குறிப்பிட்ட வெளிச்ச அளவுக்கு மேற்பட்டதை வெள்ளையாகவும் கீழ்ப்பட்டதைக் கறுப்பாகவும் மாற்றும் த்ரெஷோல்ட் கட்டளையை இட்டால், இருண்ட இடங்களில் கோடுகள் தடிக்கும், ஒளிமிக்க இடங்களில் மெலியும். மெல்லானின் கோட்டுக்குரிய விதியே இங்கும் செயற்படுகிறது. கோடுகளை வளைப்பதற்கு, படத்தின் வெளிச்ச அளவைக் கொண்டு படப்புள்ளிகளை நகர்த்தும் இடப்பெயர்ச்சி முறை பயன்படுகிறது. பிழை புகுவதும் இங்கேதான். வெளிச்சமும் வடிவமும் ஒன்றல்ல. கருந்தாடியையும் மச்சத்தையும் பள்ளமென்று மென்பொருள் கருதிவிடும். கட்டற்ற மென்பொருளான ஜிம்ப்பில் உள்ள செதுக்கு வடிகட்டியோ கோடுகளை வளைப்பதே இல்லை; கன்னத்துக்கும் பின்னாலுள்ள சுவருக்கும் ஒரே கிடைக்கோடுகளை இடுகிறது. லிண்டன் கண்டித்தது இதைத்தான்.

இதற்கு விடை தேடியவர்களுள் விக்டர் ஒஸ்ட்ரோமூகோவ் குறிப்பிடத்தக்கவர். சுவிட்சர்லாந்தின் லோசான் தொழில்நுட்பக் கழகத்தில் பணியாற்றிய அவர், 1999-இல் வெளியிட்ட ஆய்வில் முகத்தின் பகுதிகளுக்குத் தனித்தனிச் செதுக்கு அடுக்குகளை அமைத்து, ஒவ்வொன்றின் கோடுகளையும் அப்பகுதியின் வடிவத்துக்கேற்ப வளைத்து, பின்னர் ஒன்றாக இணைத்தார். அம்முறையில் கோட்டின் பருமனைக் கணினி கணக்கிடுகிறது. நெற்றியில் கோடு எப்படி வளைய வேண்டும், கன்னத்தில் எந்த இடத்தில் மற்றொரு கோடு அதைக் குறுக்கிட வேண்டும் என்பவற்றை முகத்தைப் பார்த்து இயக்குபவரே முடிவுசெய்கிறார்.