ஏவலாளும் துணைவனும்

‘றோபோ’ என்னுஞ் சொல் உலக வழக்கிற் புகுந்தது கரேல் சாபெக் என்னும் செக் ஆசிரியர் 1920இல் வெளியிட்ட நாடகமொன்றினாலாகும். அச்சொல்லை அவருக்கு எடுத்துக் கொடுத்தவர் அவர்தம் தமையனார் யோசெப்பு. பண்ணையாளர் ஆண்டைக்குச் செய்த கட்டாய வேலையைக் குறிக்கும் செக் சொல்லே அதன் வேர். ஆகவே அடிமை என்னுங் கருத்துப் பெயரிலேயே அமைந்துவிட்டது. அடிமைக்கு ஏவலை அறிந்தாற் போதும்; உடனுழைப்போனுக்கோ அருகில் நிற்பவர் நிலையையும் அறிதல் வேண்டும். அவ்வறிவை இயந்திரம் பெறத் தொடங்கியது மிகப் பிற்காலத்தேயாம்.

1961இல் அமெரிக்காவின் நியூ ஜேர்சியில், ஜெனரல் மோட்டோர்ஸ் தொழிற்சாலையிற் பணிக்கமர்ந்த ‘யுனிமேற்’, காய்ந்த உலோக வார்ப்புக்களை எடுத்து வைக்கும் ஓர் இரும்புக் கை. இத்தகைய கைகளைச் சுற்றி வேலியிடுதல் பின்னர் வழக்கமாயிற்று. 1966 முதல் 1972 வரை ஸ்ரான்போர்ட் ஆராய்ச்சி நிலையத்தில் உருவான ‘சேக்கி’ நகர்ந்தது; தன் வழியைத் தானே சிந்தித்தது. நடுக்கத்தோடு நகர்ந்தமையாற் பெற்ற பெயர் அது. எனினும் அதற்கென ஒழுங்குசெய்த அறைகளில் அது கண்டவை பெட்டிகளும் சுவர்களுமே.

மக்கள் நெருக்கத்தினிடையே இயந்திரம் நடமாடிய நிகழ்ச்சிகளுட் குறிப்பிடத்தக்கது 1997இல் ஜேர்மனியின் பொன் நகரிலுள்ள நூதனசாலையொன்றில் நிகழ்ந்தது. ‘றைனோ’ அங்கே ஆறு நாள் வழிகாட்டியாகி, 18.6 கிலோமீற்றர் சென்றது. ஈண்டு நோக்கற்பாலது ஒன்றுண்டு. தன் இருப்பிடத்தை அது சுவர்களின் தூரத்தை அளந்தே அறிந்தது. சூழ்ந்து நின்ற மக்களோ சுவர்களை மறைத்தனர். ஆதலின், படத்திற் கண்டதினும் குறுகிய தூரங்களை மனிதரால் வந்த பிழையெனத் தள்ளிவிடுமாறு அது அமைக்கப்பட்டிருந்தது. மனிதரை அறிதற்கு இதுவும் ஒரு வழியே; ஆயினும், பார்க்க வந்தோர் கணக்கிற் கழிக்கப்படும் பிழையாயினமை விந்தையன்றோ!

அடுத்த ஆண்டு உவாசிங்ரனிலுள்ள நூதனசாலையொன்றில் உலாவிய ‘மினேர்வா’வுக்கு வாயும் புருவமும் அமைந்தன. வழிவிட்டாற் புன்னகைத்தது, மறித்தாற் சினங்காட்டியது. எக்குறிப்புக்கு மக்கள் அருகில் வருவர் என்பதையும் அது பழகிக் கற்றது.

இவற்றினும் ஆழ்ந்த மாற்றம் பிற்ஸ்பேர்க்கிலுள்ள கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் நிகழ்ந்தது. பேராசிரியை மனுவேலா வெலோசோ குழுவினர் உருவாக்கிய ‘கோபொற்’றுக்குக் கைகளே இல்லை. பொருள்களை எடுத்துச் செல்லும். விருந்தினரை அறைக்கு அழைத்துச் செல்லும். ஆனால் மின்தூக்கியின் பொத்தானை அழுத்த அதனால் இயலாது. அருகில் நிற்பவரிடம் அழுத்தித் தருமாறு கேட்கும். கைபொருத்தாதது வறுமையாலன்று, தன்னால் இயலாததை உணர்ந்து துணை வேண்டுதலே அவ்வாராய்ச்சியின் கருத்து. கேட்பதெனில் எவரைக் கேட்பது? எந்த அறையில் ஆள் இருப்பர், அடிக்கடி கேட்டால் எவர் சலிப்புறுவர் என்பனவற்றையும் எண்ணி வழிவகுக்கும் முறைகளை அக்குழுவினர் ஆராய்ந்தனர். றைனோவுக்குப் பிழையாயிருந்த மனிதர் இங்கே உதவியாளராயினர்.

2014இல் கோபொற்றுக்கள் சென்ற தூரம் 1,000 கிலோமீற்றரைக் கடந்தது. அந்நெடும் பயணத்தில் மாடிவிட்டு மாடி சென்ற போதெல்லாம் பொத்தானை அழுத்தியவர் வழியில் நின்ற மாணவரும் ஆசிரியருமேயாவர்.