எல்லைச் சாலையும் வீட்டுக் காரும்

திருவனந்தபுரத்திலிருந்து தெற்கு நோக்கி வரும் பெருஞ்சாலை பாலராமபுரத்தைக் கடந்து, நெய்யாற்றின்கரையைத் தொட்டு, அமரவிளையில் நெய்யாற்றைத் தாண்டி, உதியன்குளங்கரை வழியாகப் பாறசாலையை அடைகிறது. அதற்கப்பால் இஞ்சிவிளை, அதனையடுத்துக் களியக்காவிளை. தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் பணியாற்றி, ஆண்டுக்கொரு முறை ஊர் திரும்பும் நம்மவர் பலருக்கு இவ்வழி நன்கு அறிமுகமானதே. ஒரே அங்காடித் தெருவில் கே.எல். 19, கே.எல். 20 என்னும் எண்களைத் தாங்கிய பாறசாலை, நெய்யாற்றின்கரை வண்டிகளையும், டி.என். 74, டி.என். 75 என்னும் எண்களைத் தாங்கிய நாகர்கோவில், மார்த்தாண்டம் வண்டிகளையும் அருகருகே காணலாம்.

இவ்வூர்களில் பழைய கார் ஒன்றை விலைபேசுவோர் கேட்கும் முதற்கேள்வி, "டெஸ்ட் முடிஞ்சதா?" என்பதே. முடிந்தது என்றால் முகம் மலர்கிறது, விலையும் உயர்கிறது. சோதனையில் தேறிய வண்டி நம்பத்தக்கது என்னும் எண்ணம் நம்மிடையே அத்துணை ஆழமாக வேரூன்றியிருக்கிறது. இவ்வெண்ணம் எங்கிருந்து வந்தது? எவ்வளவு தூரம் உண்மை? இச்சாலையின் வரலாற்றைக் கொண்டே இதனை ஆராய்வோம்.

இச்சாலையில் மோட்டார் வண்டியின் மீது மக்களுக்கு நம்பிக்கை பிறந்தது காரினால் அன்று, பஸ்ஸினால். திருவிதாங்கூர் அரசு தன் போக்குவரத்துத் துறையை 1938 பிப்ரவரி 20 அன்று தொடங்கிற்று. இலண்டன் நகரப் போக்குவரத்தில் பயின்ற சால்ட்டர் என்பவர் அதன் மேற்பார்வையாளராக அமர்த்தப்பட்டார். இங்கிலாந்திலிருந்து 60 வண்டிகளுக்குரிய அடிச்சட்டங்களும் டீசல் எஞ்சின்களும் தருவிக்கப்பட்டு, மேற்கூடுகள் இங்கேயே கட்டப்பெற்றன. அத்துறையின் தொடக்ககால வழிகளுள் திருவனந்தபுரம் நாகர்கோவில் சாலை தலையாயது. குறித்த நேரத்தில் புறப்படுதல், பணிமனையில் முறையாகப் பழுது பார்த்தல் ஆகிய இரண்டையும் இவ்வட்டாரத்து மக்கள் முதன்முதலாகக் கண்டது அந்தப் பஸ்களில்தான் எனலாம்.

சட்டமும் பொதுமக்களை ஏற்றிச் செல்லும் வண்டிகளையே முதலில் கண்காணித்தது. 1914ஆம் ஆண்டின் மோட்டார் வண்டிச் சட்டத்தை அடுத்து வந்த 1939ஆம் ஆண்டுச் சட்டம், பஸ், லாரி, வாடகைக் கார் போன்றவற்றிற்குத் தகுதிச் சான்று வேண்டும் என விதித்தது. 'எஃப்.சி.' என்று நாம் வழங்குவது அதுவே. 1988இல் இயற்றப்பட்டு 1989 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த சட்டமும் இம்முறையைத் தொடர்ந்தது. புதிய போக்குவரத்து வண்டிக்கு இரண்டு ஆண்டுகளுக்கும், அதன்பின் ஆண்டுதோறும் சான்று பெறவேண்டும் என்றிருந்தது. 2018இல் செய்த திருத்தத்தின்படி, எட்டு ஆண்டு நிறையும்வரை இரண்டாண்டுக்கொரு முறையும், பின்னர் ஆண்டுக்கொரு முறையும் சான்று பெறுதல் வேண்டும்.

வீட்டுக் காரின் நிலையோ வேறு. அதற்கு ஆண்டுச் சோதனை என்பதே நம் நாட்டில் இல்லை. 1988ஆம் ஆண்டுச் சட்டப்படி அதன் பதிவு 15 ஆண்டுகள் செல்லும். அதன்பிறகு மோட்டார் வண்டி ஆய்வாளர் முன் வண்டியை நிறுத்திக் காட்டி, ஐந்தைந்து ஆண்டுகளுக்குப் புதுப்பித்துக் கொள்ளலாம். இடையே கட்டாயமாக உள்ளது புகைச் சான்று ஒன்றே. அது புகையை அளக்குமேயன்றிப் பிரேக்கை அளவாது. 'டெஸ்ட்' என்னும் சொல் பஸ்ஸிலிருந்து காருக்கு வந்து சேர்ந்தது. அதற்குரிய கண்காணிப்பு உடன்வரவில்லை.

பிற நாடுகள் வேறு வழியில் சென்றன. ஜெர்மனியில் 1951 முதலே கார்களுக்குக் காலமுறைச் சோதனை கட்டாயமாயிற்று. பிரிட்டனில் 1960இல் பத்தாண்டு கடந்த கார்களுக்குப் பிரேக், விளக்கு, ஸ்டியரிங் ஆகியவற்றில் ஆண்டுச் சோதனை ஏற்பட்டது. தேறாத வண்டிகள் எதிர்பாராத அளவு மிகுந்திருக்கவே, அடுத்த ஆண்டே ஏழாண்டு கடந்த கார்களும் அதற்கு உட்படுத்தப்பட்டன. 1967இல் அந்த வயது மூன்றாகக் குறைந்தது. ஜெர்மனியில் எந்த வகைக் கார் எந்த வயதில் எவ்வளவு தேறுகிறது என்று பட்டியலிட்டு ஆண்டுதோறும் வெளியிடுகிறார்கள். பழைய கார் வாங்குவோர் அதனைப் பார்த்தே முடிவு செய்யலாம். ஆண்டுச் சோதனை இல்லாத நம் நாட்டில் அத்தகைய பட்டியலுக்கு இடமேது? நமக்கு அப்பட்டியலாக விளங்குபவர் பட்டறை மேஸ்திரியே.

எல்லைப்புறத்து மேஸ்திரிகளின் தொழிலுக்கு வரலாறும் துணை நின்றது. 1956 நவம்பர் 1 அன்று மாநிலங்கள் திருத்தி அமைக்கப்பட்டபோது, விளவங்கோடு, கல்குளம், அகஸ்தீஸ்வரம், தோவாளை ஆகிய வட்டங்கள் சென்னை மாநிலத்தைச் சேர்ந்தன. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. கோடு விழுந்ததேயன்றி உறவு அறவில்லை. பெண் கொடுத்ததும் கொண்டதும் இருபுறத்தும் தொடர்ந்தன. பாறசாலைக் கார் களியக்காவிளைப் பட்டறைக்குச் செல்வதும் தொடர்ந்தது. ஆனால் வண்டியை அக்கரைக்கு விற்பதாயின், தடையின்மைச் சான்று, வரி, புதிய பதிவு என மூன்று படிகள் ஏறவேண்டியதாயிற்று. ஆகவே பலர் விற்பதை விடுத்துப் பழுதுபார்த்தே ஓட்டினர்.

அவ்வாறு ஓடிய கார்களுள் நம் நினைவில் நிற்பது அம்பாசிடர். மோரிஸ் ஆக்ஸ்போர்டு என்னும் ஆங்கிலக் காரின் வடிவில், வங்காளத்து உத்தர்பாராவில் 1957 முதல் 2014 வரை அது செய்யப்பட்டது. எளிய அமைப்புடையது, சிறு பட்டறையிலும் பிரித்துப் பூட்டத் தக்கது. அதன் உறுதியை ஊரே புகழும். ஆயின் அதற்குத் தனி அடிச்சட்டம் கிடையாது. மேற்கூடும் தரையும் ஒன்றாய் நின்று பாரத்தைத் தாங்குகின்றன. ஆண்டில் இரு பருவமழையும் கடற்காற்றும் உள்ள இவ்வட்டாரத்தில், அதன் பகைவன் துரு. தரைத்தகடு துருப்பிடிப்பது அழகுக்குறை அன்று. எலும்பு உளுத்தது போன்றது.

எங்கள் தந்தையார் பாறசாலைப் பக்கத்துப் பள்ளியொன்றில் ஆசிரியர். 1984இல் செய்யப்பட்ட அம்பாசிடர் ஒன்றை 1992இல் அவர் இரண்டாங்கையாக வாங்கினார். பாட்டியாரை நள்ளிரவில் மருத்துவமனைக்குக் கொண்டுசென்றதும், தங்கையின் திருமணத்திற்குச் சீர் சுமந்ததும் அவ்வண்டியே. 1999இலும் 2004இலும் பதிவு புதுப்பிக்கப்பட்டது. 2009இலும் சோதனையில் தேறிற்று. இரண்டு வாரம் கழித்து, குழித்துறைப் பாலத்தை நோக்கிய இறக்கத்தில் பிரேக் மிதி தரைவரை இறங்கிவிட்டது. தந்தையார் கியரைக் குறைத்து, கைப்பிரேக்கை இழுத்து, ஓரமாக நிறுத்தினார். எவருக்கும் தீங்கில்லை. பின்சக்கரத்துச் சிலிண்டரின் ரப்பர் நைந்து, எண்ணெய் முழுவதும் ஒழுகியிருந்தது. ஆய்வாளரைக் குறைகூற இடமில்லை. அவர் பார்த்த நாளில் பிரேக் பிடிக்கவே செய்தது. சான்று ஐந்தாண்டுக்கு எழுதப்பட்டாலும், அது பேசுவது ஒரு நாளைப் பற்றியே என்பதை அன்று உணர்ந்தோம்.

2014இல் மீண்டும் முறை வந்தது. களியக்காவிளை மேஸ்திரி வண்டியைத் தூக்கி நிறுத்தி, அடியில் ஆணியால் தட்டிக் காட்டினார். ஓட்டுநர் இருக்கைக்குக் கீழே ஆணி உள்ளே போயிற்று. தகரத் துண்டை ஒட்டித் தார் பூசினால் சோதனைக்குத் தெரியாது என்பதை அவரும் அறிவார், தந்தையாரும் அறிவார். தந்தையார் நெடுநேரம் பேசாது நின்றார். மேஸ்திரி கூறினார்: "சாரே, கடலாசு கிட்டும். ஆனா பிள்ளைகள இதுல ஏத்தாதீங்க." வண்டி சோதனைக்குப் போகவில்லை, உடைக்கப் போயிற்று. அவ்வாண்டு மே மாதத்தில்தான் உத்தர்பாராவிலும் அம்பாசிடர் உற்பத்தி நின்றது.

அதன்பின் விதிகள் கடுமையாயின. 15 ஆண்டு கடந்த காரின் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாய் ஆயிற்று. 20 ஆண்டு கடந்தவற்றிற்கு 2025இல் 10,000 ரூபாய் என விதிக்கப்பட்டது. மனிதர் கண்ணுக்குப் பதில் கருவிகள் அளந்து கூறும் தானியங்கிச் சோதனை நிலையங்களுக்கு 2021இல் விதிகள் வகுக்கப்பட்டன. இவை யாவும் வரவேற்கத் தக்கனவே. எனினும் கட்டணம் உயர்ந்ததால் வண்டி உறுதியாகிவிடாது. கருவியும் தன்முன் நின்ற நாளையே அளக்கும்.

வெளிமாநிலத்தில் வாழும் நமக்கு இதில் இரட்டைப் பொறுப்பு உண்டு. தலைநகர் வட்டாரத்தில் 10 ஆண்டு கடந்த டீசல் கார்களும் 15 ஆண்டு கடந்த பெட்ரோல் கார்களும் ஓடலாகாது என 2018இல் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டபின், அத்தகைய கார்கள் பல பிற மாநிலங்களுக்கு மலிவாக விற்கப்பட்டன. ஊரில் தம்பிக்கு உதவும் என்று நம்மவரும் வாங்கி அனுப்பினர். வேற்று மாநில வண்டி பன்னிரண்டு மாதத்திற்குமேல் ஓரிடத்தில் தங்கினால், அங்கே புதிதாகப் பதிவு செய்தல் வேண்டும் என்பது சட்டம். அதற்கான கடிதங்களை நாம் கவனமாய்த் திரட்டுகிறோம்; வண்டியின் அடியைக் குனிந்து பார்த்தோமா?

மற்றொன்று, ஊர் வீட்டுக் கொட்டகையில் பதினொரு மாதம் உறங்கும் கார். ஓடாத வண்டி தேயாது என்று எண்ணுகிறோம். பிரேக் எண்ணெய் காற்றின் ஈரத்தை உறிஞ்சுகிறது, உள்ளே துரு பிடிக்கிறது, டயர் வெடிக்கிறது, எலி மின்கம்பியைக் கடிக்கிறது. பதிவோ இன்னும் எட்டாண்டு செல்லும். அச்சொற்களை நம்பி, இரயிலிலிருந்து இறங்கிய அன்றே குடும்பத்தை ஏற்றிக்கொண்டு குமரிக்குப் புறப்படுகிறோம்.

சட்டம் வீட்டுக் காரைப் பதினைந்து ஆண்டுகள் சோதிக்காமல் விட்டிருப்பது அதனை நம்பியன்று. அதன் உடைமையாளரை நம்பியே. அந்நம்பிக்கையைக் காக்க வேண்டியவர் நாம். பஸ்ஸுக்குச் சட்டம் விதித்த ஆண்டுச் சோதனையை நம் காருக்கு நாமே விதித்துக் கொள்ளலாம். அடுத்த முறை ஊர் சென்றதும், கொட்டகையைத் திறந்து, சான்றின் தேதியைப் பார்க்குமுன் பிரேக்கை மிதித்துப் பார்ப்போம். பின்னர் மேஸ்திரியை அழைத்து, வண்டியைத் தூக்கி அடியைக் காட்டச் சொல்வோம். அவர் வேண்டாம் என்று சொன்னால் கேட்டுக்கொள்வோம்.